பழுப்புப் பக்கத்தில் மார்ட்டின் டாய்ல்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நாற்பத்தேழாவது மாடிக்குக் கேமரா வந்து சேர்ந்தது. அதைக் கண்டதும் அலோசியஸ் கோஸ்டெல்லோ ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான். ஒரு முழ அகல இரும்பு உத்தரத்தில், கீழே நியூயார்க் மொத்தமும் கிடக்க, பிடிமானம் இல்லாமல் நின்று வேலை பார்க்கிறவன் அவன். அதற்கெல்லாம் அசையாதவன் ஒரு மரப்பெட்டியையும் முக்காலியையும் பார்த்து ஒதுங்கினானென்றால் காரணம் இல்லாமல் இருக்குமா?

காரணம் புரூக்ளினில் அவன் சட்டைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் மனைவி பிரைடி. அவளைப் பொறுத்தவரை அவன் தரையில் நிற்கிறவன். பாரம் தூக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, ஏற்று, நிறுத்து, இறக்கு என்று மணி அடிக்கிறவன். மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய தம்பி மார்ட்டின் டாய்ல் பத்தொன்பதாவது மாடியிலிருந்து விழுந்து செத்தான். அவனைத் தங்கள் ஊரான நியூஃபவுண்ட்லாந்திலிருந்து இந்த வேலைக்கு அழைத்து வந்ததே அலோசியஸ்தான். சவப்பெட்டியை ஊருக்குக் கப்பலேற்றும் முன் பிரைடி இவன் கையைப் பிடித்துப் பெட்டியின்மேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள்: இனிமேல் மேலே ஏறக் கூடாது.

அவனும் ஏறவில்லை. ஒன்றரை வருடம் நிஜமாகவே மணி அடித்தான். பிறகு காலம் கெட்டது. பாதி நகரம் வேலையில்லாமல் தெருவில் நின்றது. தரை வேலைகளெல்லாம் மேஸ்திரிகளின் மைத்துனர்களுக்குப் போயின. ஆள் தேவைப்பட்டது மேலேதான். பதினாலு மாதமாக மேலே இருக்கிறான். பதினாலு மாதமாக வீட்டில் மட்டும் மணி அடிக்கிறான்.

அந்தப் பொய்யைக் காப்பாற்ற அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஊர்க்காரர்களோடு சேர்ந்தால் ஞாயிறு பூசைக்கே செய்தி வந்துவிடும் என்று, வேறு கோயிலுக்குப் போகிற மூன்று நார்வேக்காரர்களோடு சேர்ந்தான். எய்னார் உலையில் ரிவெட்டை, உத்தரங்களை இணைக்கிற தடித்த ஆணியை, பழுக்கக் காய்ச்சி இடுக்கியால் எறிவான். அலோசியஸ் அதைத் தகரக் குவளையில் பிடித்து, எடுத்து, துளையில் சொருகுவான். கிறிஸ்டன் பின்னாலிருந்து முட்டுக் கொடுப்பான். தலைவன் ஹல்வர் காற்றுச் சுத்தியலால் அடித்து இறுக்குவான். தெறிக்கிற பொறிகள் சட்டையைச் சல்லடையாக்கும். “மணிக்குப் பக்கத்துலதான் கொல்லன் உலை,” என்று பிரைடியிடம் சொல்லி வைத்திருந்தான். அவளும் நம்பி ஒட்டுப் போட்டாள். அதை நினைக்கும்போதெல்லாம் அவனுக்குத் தன்மேல் எரிச்சல் வரும். எரிச்சல் வந்து என்ன செய்ய, மறுநாள் காலை மறுபடி ஏறுவான்.

கேமராக்காரர் பெயர் லஸ்கோ. கட்டடம் கட்டுகிற கம்பெனி விளம்பரத்துக்காக அனுப்பிய ஆள். குட்டையாக, மூச்சு வாங்கிக்கொண்டு, பலகைமேல் முட்டிபோட்டுத்தான் நகர்ந்தார். ஆனால் கண் மட்டும் கெட்டி. வந்தவுடன் இவர்கள் நால்வரையும்தான் கை காட்டினார்.

“ஞாயிற்றுக்கிழமை பேப்பர்ல, அந்தப் பழுப்பு நிறப் படப் பக்கம் இருக்கே, அதுல முழுப் பக்கம் போடறாங்களாம்,” என்றார்.

ஹல்வர் உடனே மீசையைத் துடைத்துக்கொண்டான். அலோசியஸ் அவனை ஓரமாக இழுத்தான்.

“அண்ணே, எனக்கு வயித்த வலிக்குது. நான் கீழ போறேன்.”

“போ. போனா நாங்களும் இறங்கணும். அப்புறம் மேஸ்திரிகிட்ட நீயே சொல்லு, நாலு பேரோட கூலியும் உன் வயித்துக்குள்ள போச்சுன்னு.”

அதுதான் அங்கே நடைமுறை. ரிவெட் கும்பலில் நாலில் ஒன்று குறைந்தால் மூன்றுக்கும் வேலை இல்லை. நாலு பேரும் சேர்ந்து ஏறுவார்கள், சேர்ந்து இறங்குவார்கள். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் மூவரும் வீட்டில் படுத்திருப்பார்கள். அலோசியஸுக்கும் இந்த வழக்கம் பெருமைதான். இன்றைக்கு மட்டும் அது கழுத்தைப் பிடித்தது.

சரி, முகத்தை மறைத்துக்கொள்வோம் என்று தொப்பியை மூக்குவரை இழுத்து விட்டான். லஸ்கோ கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்தார்.

“அந்தப் பிடிக்கிறவர் தொப்பியத் திருப்பிப் போடச் சொல்லுங்க. மூஞ்சியே தெரியல.”

“திருப்புடா லோயி!” என்றான் ஹல்வர். அலோசியஸை எல்லோரும் கூப்பிடுவது லோயி என்றுதான்.

திருப்பினான். வேறு வழி? சரி, படம் எடுக்கிற நேரம் பார்த்துத் திரும்பிக்கொள்வோம் என்று நினைத்தான். அதிலும் மண். லஸ்கோ விவரமான ஆள். உலைக்கு ஒட்டினாற்போல், எய்னாரின் தோளுக்குப் பக்கத்தில் கேமராவை நிறுத்தியிருந்தார். ரிவெட் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் லென்ஸும் இருந்தது. பிடிக்கிறவன் ரிவெட்டைப் பார்க்காமல் பிடிக்க முடியாது. எய்னார் கையை விட்டுக் கிளம்பியதிலிருந்து குவளையில் விழும்வரை கண் அதன்மேல் இருக்க வேண்டும். முகம் நிமிர்ந்து, வாய் லேசாகத் திறந்து, முழு வெளிச்சத்தில், சிலுவைப் பாதைப் படத்தில் இருப்பவர் மாதிரி!

ஒன்றைத் தவற விட்டால் படம் கெடும். அதையும் யோசித்தான், பொய் சொல்வானேன். ஆனால் தவறினால் அந்த நெருப்புத் துண்டு நாற்பத்தேழு மாடி கீழே போகும். கீழே காப்பிக் கடை இருக்கிறது, கைக்குழந்தையோடு போகிற பெண்கள் இருக்கிறார்கள். பதினாலு மாதத்தில் அவன் ஒன்றைக்கூட விட்டதில்லை. பன்னிரண்டு கண்ணாடித் தகட்டில் பன்னிரண்டு படம் எடுத்தார் லஸ்கோ. பன்னிரண்டு தடவையும் எய்னார் எறிந்தான், பன்னிரண்டு தடவையும் அலோசியஸ் நிமிர்ந்து பார்த்து, முகத்தில் எரிச்சலோடு, பிடித்தான்.

“அருமை!” என்றார் லஸ்கோ. “எரியற மாதிரி ஒரு கோபம் மூஞ்சியில. இதத்தான் தேடிட்டிருந்தேன்.”

பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் படத்துக்குக் கீழே போடப் பெயர் கேட்டார். ஹல்வர் நெய்கார்ட். எய்னார் ஸோல்பெர்க். கிறிஸ்டன் வீக். வரிசையாகச் சொன்னார்கள். பென்சில் அலோசியஸ் பக்கம் திரும்பியது. அவன் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தது அப்போதுதான். சொந்தப் பெயரைத் தவிர எதையாவது சொல்ல வேண்டும் என்று மட்டும் மூளை கத்தியது. நல்ல நேரத்தில் ஆயிரம் பெயர் வரும்; அந்த நேரத்தில் ஒன்றே ஒன்றுதான் வந்தது.

“மார்ட்டின் டாய்ல்,” என்றான்.

காற்றுச் சுத்தியலை மாட்டிக்கொண்டிருந்த ஹல்வரும், உலைப் பக்கம் திரும்பிவிட்ட மற்ற இருவரும் அதைக் கேட்கவில்லை. லஸ்கோ எழுதி, மூடி, பையில் போட்டுக்கொண்டு, முட்டிபோட்டபடியே போய்விட்டார்.

சாயங்காலம் ரயிலில் புரூக்ளின் பாலம் தாண்டும்போதுதான் அலோசியஸுக்கு உறைத்தது. தன் முகம். அதற்குக் கீழே செத்துப்போன மைத்துனன் பெயர். அவன் தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்து எதிரில் இருந்த கிழவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

மறுநாள் வேலை முடிந்ததும் லஸ்கோவின் கடையைத் தேடிக் கண்டுபிடித்து ஏறினான். ஐந்து மாடி, லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்தவர் கை முழுக்க ரசாயன வாடை.

“அந்தப் படத்த விட்ருங்க சார். வேற யாரையாவது போடுங்க.”

“தகடு என்னோடது இல்லப்பா. நான் எடுக்கறேன், கம்பெனி எடுத்துக்குது. என் பேரு கூட அதுல வராது. விட்டேக்கர்னு ஒருத்தர் இருக்காரு, விளம்பர ஆபீஸ்ல. அவரப் பாரு.”

“பேரையாவது மாத்த முடியுமா?”

“பேரும் அவருகிட்டதான் போயிடுச்சு.”

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், சாப்பாட்டை விட்டுவிட்டு, விளம்பர ஆபீசுக்கு ஓடினான். விட்டேக்கர் வெளியே போயிருந்தார். வெள்ளிக்கிழமை மறுபடி ஓடினான். கம்பளம் விரித்த அறையில் அவன் பூட்ஸைப் பார்த்துக் குமாஸ்தா முகம் சுளித்தான். விட்டேக்கர் அப்படியில்லை, எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். அதுதான் இன்னும் மோசம்.

“நீங்கதானா அது! மிஸ்டர் டாய்ல்! உட்காருங்க, உட்காருங்க.”

“நான் டாய்ல் இல்ல சார். அதச் சொல்லத்தான் வந்தேன். அந்தப் படம் வரக் கூடாது.”

“ஏன்?”

அலோசியஸ் சொன்னான். சத்தியம், சவப்பெட்டி, மணி, எல்லாம். இந்தப் பதினாலு மாதத்தில் யாரிடமும் சொல்லாததை, ஒரு சுருட்டு வாடை அறையில், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு சொன்னான். விட்டேக்கர் கடைசிவரை கேட்டார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார்.

“இது படத்தவிட நல்ல கதையா இருக்கே! பொண்டாட்டிக்குத் தெரியாம மேகத்துல வேலை செய்யறவர். இதையும் சேர்த்துப் போட்டுடலாமா?”

“சார்!”

“சும்மா சொன்னேங்க. பேப்பர் நேத்தே அச்சுக்குப் போயாச்சு. இனிமே ஆண்டவனே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. உங்க வீட்டம்மா பெருமைதான் படுவாங்க, பாருங்க. நாலு பிரதி எடுத்து வைக்கச் சொல்லட்டுமா?”

அந்த மனிதரின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது அலோசியஸுக்கு. பிடிக்கவில்லை. ரொம்ப நன்றி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். படியிறங்கும்போது அந்த நன்றிக்காகவும் தன்னைத் திட்டிக்கொண்டான். அன்று ராத்திரியே பிரைடியிடம் சொல்லியிருக்கலாம். சனிக்கிழமையும் சொல்லியிருக்கலாம். அவள் உப்பு மீனையும் உருளைக்கிழங்கையும் தட்டில் வைத்து, “மணி அடிச்சு அடிச்சு இளைச்சுப் போயிட்ட,” என்று கேலி பண்ணினாள். வாயைத் திறந்தவன் மீனைப் போட்டு மூடிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னாலேயே எழுந்து, தெருமுனைக் கடையில் இருந்த அத்தனை பேப்பரையும் வாங்கினான். அடுத்த தெருவிலும் வாங்கினான். மூன்றாவது கடைக்காரன் படத்தையும் இவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அட, நீதானா! இன்னும் ஒரு கட்டு உள்ள இருக்கு, தரட்டுமா?” என்றான். அத்தனையையும் சுமந்து வந்து, தான் குடியிருக்கிற கட்டடத்தின் அடித்தளத்தில் நிலக்கரிக் குவியலுக்குப் பின்னால் அமுக்கினான். ஞாயிற்றுச் சட்டை முழுக்கக் கரி. அந்த நகரத்தில் அன்று காலை எத்தனை லட்சம் பிரதிகள் விற்றன என்பதை யோசிக்கிற நிலையில் அவன் இல்லை.

பூசை முடிந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பட்டாணி சூப்புக்கு முன்னால் உட்கார்ந்தான். தப்பித்துவிட்டோமோ என்று ஒரு சின்ன ஆசை எட்டிப்பார்த்த நேரம், கதவு தட்டப்பட்டது. பிரைடி போய்த் திறந்தாள்.

“லோயி வீடு இதானேம்மா?” ஹல்வரின் குரல். “நான் ஹல்வர். அவன் பிடிச்சுக் கொடுக்கற ரிவெட்ட அடிக்கறவன். யூனியன்ல விலாசம் வாங்கிட்டு வரேன்.”

ஞாயிற்றுக்கிழமைக் கோட்டும் விறைப்பான காலருமாக உள்ளே வந்தான். முகம் சிவந்திருந்தது. பேப்பரை விரித்துச் சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அறைந்தான்.

“எங்கம்மாவுக்கு அனுப்பலாம்னு பத்து பிரதி வாங்கினேன். படிச்சா, நம்ம கும்பல்ல எவனோ ஒருத்தன் பேரு! நான் பேர் தெரியாதவனோடயா மேல நிக்கறேன்? யாருடா இந்த மார்ட்டின் டாய்ல்?”

அலோசியஸ் பேப்பரை எடுக்கப் போனான். பிரைடி முந்திக்கொண்டாள்.

அவள் படத்தைப் பார்க்கவில்லை. எழுத்தைத்தான் முதலில் பார்த்தாள். விரலை வைத்து, உதடு அசைய. அவள் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்ததை அலோசியஸ் பார்த்தான். அப்புறம் விரல் மேலே போனது. அந்த வெளிச்சம் அணைந்ததையும் பார்த்தான். இனி எத்தனை வருடம் இருந்தாலும் அதை மறக்கப்போவதில்லை என்று அவனுக்கு அங்கேயே தெரிந்தது.

“ஒரு நொடி,” என்றாள். “ஒரே ஒரு நொடி அவன் உயிரோட இருக்கான்னு நெனச்சேன் லோயி. பெட்டிக்குள்ள போனது வேற யாரோன்னு நெனச்சேன். மேல பாத்தா, உன் மூஞ்சி.”

ஹல்வர் மெல்லத் தொப்பியைக் கழற்றினான். ஏதோ கண்ணாடியை மிதித்துவிட்டோம் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

“எத்தனை நாளா?” என்று கேட்டாள்.

“பதினாலு மாசம்.”

அவள் தையல் கூடையை எடுத்துவந்து அவன் முன்னால் கவிழ்த்தாள். ஒட்டுப் போட்ட சட்டைகள், ஒட்டுக்குமேல் ஒட்டுப் போட்ட சட்டைகள்.

“கொல்லன் உலைன்னு சொன்னியே. ஒவ்வொரு ஓட்டையும் அடைக்கும்போது, என் புருஷன் பத்திரமா கீழ நிக்கறான்னு சந்தோஷப்பட்டேன். தெரியுமா? சந்தோஷமாத் தச்சேன் இதையெல்லாம்.”

“பிரைடி, வேற வேலை கெடைக்கல...”

“கெடைக்கலன்னு சொல்லிருக்கலாம். அவன் பேர எதுக்குடா எடுத்த?”

வாயில் வந்தது என்றா சொல்வது? அவள் பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். “நாளைக்கு நீ போகல,” என்று மட்டும் சொன்னாள்.

திங்கள்கிழமை அவன் போகவில்லை. ஆறரை மணிக்குப் படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஹல்வர், எய்னார், கிறிஸ்டன், மூவரும் வேலை உடுப்பில், சாப்பாட்டு டப்பாக்களோடு வாசலில் நின்றார்கள். பிரைடி வழி விட்டாள். மூன்று பேரும் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அந்தச் சின்ன அறை அவர்கள் தோள்களாலேயே நிரம்பிவிட்டது.

“எதுக்கு வந்தீங்க?” என்றாள் பிரைடி.

“சண்டை போட வரலம்மா,” என்றான் ஹல்வர். “ஒருத்தன் வரலேன்னா நாங்க மூணு பேரும் ஏறறதில்ல. எங்கயாவது உட்காரணும். இங்க உட்கார்ந்திருக்கோம்.”

“வேற ஆள வச்சுக்குங்க.”

“வச்சுக்கலாம். எய்னார் எறியறத இவன் கைதான் பழகியிருக்கு. புது ஆளு பழகற வரைக்கும் எது எங்க போகும்னு எனக்குத் தெரியாது. இன்னிக்கு மேஸ்திரி பொறுத்துப்பான். நாளைக்கு எங்க இடத்துல வேற கும்பல் நிக்கும். கேட்டுக்கு வெளிய எத்தனை பேரு நிக்கறாங்கன்னு நீங்க பாத்ததில்ல.”

அவள் டீ போட்டாள். ரொட்டியில் வெல்லப்பாகு தடவி வைத்தாள். மூன்று பேரும் தின்றார்கள். அலோசியஸ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறைக்கப் போய், மறைக்கப் போய், ஒரு படத்துக்காக மூன்று குடும்பத்தின் சோற்றையும் கொண்டுவந்து மனைவியின் மேசையில் வைத்திருக்கிறோமே என்று நினைத்தான். போ என்று சொல் என அவளைக் கேட்கவும் வாய் வரவில்லை. போகாதே என்று அவள் சொன்னதில் அவனுக்குக் குறையும் இல்லை.

கிறிஸ்டன் தலையை நிமிர்த்தினான்.

“இவன் ஒண்ணுகூட விட்டதில்லம்மா.”

“மார்ட்டினும் எதையும் விடல,” என்றாள் பிரைடி. “காலுதான் விட்டுச்சு.”

கடிகாரம் ஏழைத் தாண்டியது. அவள் அடுப்புப் பலகையிலிருந்து பேப்பரை எடுத்து விரித்தாள். பென்சில் ஒன்றைத் தேடி, நுனியை நாக்கில் தொட்டு, படத்துக்குக் கீழே இருந்த பெயரைக் காகிதம் கிழிகிற மாதிரி அடித்தாள். பக்கத்தில் எழுதினாள்: அலோசியஸ் கோஸ்டெல்லோ. பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவதுபோல நிதானமாக, எழுத்து எழுத்தாக. பிறகு அவன் சாப்பாட்டு டப்பாவில் ரொட்டியை வைத்து மூடி அவன் முன்னால் நகர்த்தினாள்.

“இன்னிக்கு எத்தனாவது மாடி?”

அவன் ஹல்வரைப் பார்த்தான். ஹல்வர் தன் டீயைப் பார்த்தான்.

“நாப்பத்தொம்பது,” என்றான் அலோசியஸ்.

“தினமும் வந்து சொல்லு. ஏறினா ஏறினேன்னு சொல்லு.” அவள் பென்சிலை மேசையில் போட்டாள். “விழுந்தாலும் உன் பேர்லயே விழு. மார்ட்டின் பேருக்கு நான் ஒரு தடவை அழுதாச்சு.”

மூன்று பேரும் எழுந்து கோப்பைகளைத் தொட்டியில் வைத்தார்கள். அலோசியஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் படியிறங்கினான். நாலு பேராகத்தான் போனார்கள்.